ஆங்கில வழி அறிவியல் வகுப்பில் எப்போது தமிழ், எப்போது ஆங்கிலம்?

கேள்வி: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவுக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் பலரும் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் நடத்தினால் புரியவில்லை. தமிழில் கேட்டால் நன்றாகப் பதில் சொல்கிறார்கள், ஆனால் தேர்வில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தமிழைக் கைவிடாதீர்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்வதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அடுத்து தமிழ் வரப்போகிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் ஆங்கிலத்துக்குக் காது கொடுக்காது. இரண்டு மொழிக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள்.

மீள் மாற்றம், மீளா மாற்றம் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் கால் மணி நேரம் முழுக்கத் தமிழ்தான். ஐஸ் கட்டி உருகட்டும், ஒரு காகிதத்தை எரித்துக் காட்டுங்கள், பாலில் எலுமிச்சை பிழியுங்கள். எது பழையபடி திரும்பும், எது திரும்பாது, ஏன் என்று அவர்களே சண்டை போட்டுப் பேசட்டும். கருத்து தெளிந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் அவர்களுக்குப் புதிதாக இருப்பது மொழி மட்டும்தான்.

அப்புறம், கலைச்சொற்களோடு நின்றுவிடாதீர்கள். 'ரிவர்சிபிள்' என்ற சொல்லைப் பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். எழுதும்போது திணறுவது அதைச் சுற்றி வரும் வாக்கியத்தில். அதனால் கரும்பலகையில் வாக்கியத்தையே இடம் விட்டு எழுதிப் போடுங்கள்: 'மெல்ட்டிங் ஆஃப் ____ இஸ் எ ரிவர்சிபிள் சேஞ்ச் பிகாஸ் ____', 'வென் வீ ஹீட் ____, இட் ____'. இருவர் இருவராக முதலில் வாயால் சொல்லிப் பார்க்கட்டும்; அதன் பிறகு நோட்டில் எழுதட்டும். 'பிகாஸ்', 'வென்' இரண்டும் கைவந்துவிட்டால் அடுத்த பாடத்திலும் சமூக அறிவியலிலும் அதே அமைப்பு உதவும். வாரங்கள் போகப் போக நீங்கள் எழுதிக் கொடுக்கும் பகுதியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். உங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியரும் அதே வாரத்தில் அதே வாக்கிய அமைப்பைப் பழக்கினால் பலன் இன்னும் சீக்கிரம் தெரியும்.

பொறுமையும் வேண்டும். அன்றாடப் பேச்சு மொழி வேறு, பாடத்துக்குத் தேவையான மொழி வேறு என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பேச்சு மொழி சுமார் 2 ஆண்டுகளில் வந்துவிட்டாலும் பாட மொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆவதை அவர் கண்டார். தெருவெல்லாம் ஆங்கிலம் கேட்கும் ஊரிலேயே இந்த நிலை. உங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் காதில் விழுவதே வகுப்பறையில்தான்.

ஆகவே வகுப்புத் தேர்வுகளில் அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட வேண்டாம். கருத்து சரி என்றால் எழுத்துப் பிழைக்காகக் குறைக்காதீர்கள். பிழையைத் திருத்தி மட்டும் கொடுங்கள். காலாண்டுத் தேர்வு வரும்வரை, படம் வரைந்து பாகங்களை ஆங்கிலத்தில் குறித்திருந்தாலே அதையும் விடையாக ஏற்றுக்கொள்ளலாம்.