அத்தி காய்ப்பதற்குள் கல்லூரிக் கட்டணம் வந்துவிடும்

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகே இருக்கிறோம். மொட்டை மாடியில் சீமை அத்தி வளர்த்து, குச்சியில் வேர்விட வைத்த கன்றுகளைக் கூரியரில் விற்கிறேன். சென்ற ஆண்டு கன்றில் ₹1,80,000, பழத்தில் ₹45,000 வந்தது. பை, தென்னை நார்க்கழிவு, உரம், கூரியர் எல்லாம் சேர்த்து ₹85,000 செலவு. தினமும் நான் நான்கு மணி நேரம், மாமியார் இரண்டு மணி நேரம் வேலை செய்கிறோம். பணம் கணவரின் சம்பளக் கணக்கிலேயே விழுகிறது. கொழுந்தனாரின் அரை ஏக்கரில் அத்தித் தோட்டம் போடலாம் என்கிறார் கணவர். சொட்டுநீர், வேலி, பறவை வலைக்கு ₹5 லட்சம் ஆகுமாம். பிளஸ் 1 படிக்கும் மகளுக்காக 6.5% வட்டியில் போட்டிருக்கும் வைப்புத்தொகையை எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். தோட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் வேண்டாம் என்கிறேன்.

லாபம் ₹1,40,000 என்று உங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதில் இரண்டு பேரின் கூலி ஒளிந்திருக்கிறது. நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,800 மணி நேரம். மணிக்கு ₹60 என்று குறைத்தே போட்டாலும் கூலி ₹1,08,000. மிச்சம் ₹32,000. வழியில் வாடிப்போன கன்றுகளுக்கு மாற்றுக் கன்று அனுப்பிய செலவை நீங்கள் எழுதவில்லை. அதையும் கழித்தால் இன்னும் குறையும். அந்த ஐந்து லட்சமோ வங்கியில் இருந்தபடியே ஆண்டுக்கு ₹32,500 தருகிறது, வெயிலில் யாரும் நிற்காமல்.

அடுத்தது காலம். ஐந்து மீட்டர் இடைவெளியில் நட்டால் அரை ஏக்கருக்குச் சுமார் 80 மரம் பிடிக்கும். இரண்டாம் ஆண்டில் சில காய்கள் தலைகாட்டும். விற்கிற அளவுக்கு மகசூல் மூன்றாம் ஆண்டிலிருந்துதான். மகளின் கல்லூரிக் கட்டணம் அதற்கு முன்பே வந்து நிற்கும். அப்போது நகைதான் அடகுக்குப் போகும்.

விளைந்த பிறகும் நிம்மதி இல்லை. அத்தியைக் காயாகப் பறித்தால் வாழை போலப் பழுக்காது. மரத்திலேயே கனிய வேண்டும். கனிந்ததை வெளியில் வைத்தால் ஓரிரு நாள்தான் தாங்கும். கனியும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். மாடியில் அணில் தின்றது போக மிஞ்சுவதை அக்கம்பக்கத்தில் காலையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். 80 மரத்துப் பழத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. சந்தைக்கு வண்டி வேண்டும், தினமும் வாங்கும் கடை வேண்டும். புரந்தர் அத்திக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது என்று கணவர் சொல்லக்கூடும். புரந்தர் இருப்பது புனே பக்கத்தில். அங்கே பழத்தை எடுத்துச் செல்ல ஆளும் சந்தையும் பக்கத்திலேயே உண்டு. காயவைத்து விற்கலாம் என்றால், கடைகளில் மாலையாகத் தொங்கும் ஆப்கானிஸ்தான் அத்தியோடு விலையில் மோத வேண்டியிருக்கும்.

உங்கள் பலம் கன்றுதான். கவாத்து செய்யும்போது குப்பைக்குப் போக வேண்டிய குச்சியை ₹150-க்கு விற்கிறீர்கள். தோட்டம் போட்டே ஆக வேண்டும் என்றால் இந்த ஆண்டு உங்கள் சொந்தக் கன்றுகளில் பதினைந்து நட்டுப் பாருங்கள். வேலிக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவு அந்த ₹32,000-க்குள் அடங்கட்டும்.

இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் க்யூஆர் குறியீட்டை மாற்றுங்கள். கணவர் கோபிப்பார் என்றால் வரியைக் காரணம் காட்டுங்கள், பொய்யும் இல்லை. நாற்றங்காலில் நாமே வளர்த்த கன்றுகளின் வருமானத்தை வருமான வரிச் சட்டம் விவசாய வருமானமாகவே கருதுகிறது. அதற்கு நேரடியாக வரி கிடையாது. ஆனால் ஒருவருக்கு விவசாய வருமானம் ₹5,000-ஐத் தாண்டி, மற்ற வருமானமும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட இரண்டையும் கூட்டுவார்கள். சம்பளக் கணக்கில் விழும் உங்கள் உழைப்பு அவருடைய வருமானமாகத் தோன்றினால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். வெளியில் வாங்கிக் கைமாற்றும் கன்றுகளுக்கு இந்தச் சலுகை இல்லை, அது வியாபாரம். அத்தி ஜாம் போட்டு விற்றாலும் அப்படியே, உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவை.

அந்தக் கணக்கிலிருந்து மாமியாருக்கு மாதம் ₹2,000 கையில் கொடுங்கள். அத்திப் பால் பட்டு விரல் அரிக்க அரிக்கக் குச்சி நறுக்குபவர் அவர். "எனக்கு எதுக்கு" என்பார், விடாதீர்கள். உங்களுக்கும் ஒரு தொகையைச் சம்பளமாக எடுத்து மகள் பெயரில் ஆர்.டி. போடுங்கள்.

கடைசியாக, கொழுந்தனாரின் நிலம். அண்ணன் தம்பிக்குள் என்ன பத்திரம் என்று தோன்றும். அத்தி மரம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். அதற்குள் அவருக்கு நிலத்தை விற்கும் தேவை வரலாம், பாகப்பிரிவினைப் பேச்சு வரலாம். பதினைந்து கன்று நடுவதற்கு வாய்ப்பேச்சு போதும். பணம் போடும் நாள் வந்தால் குத்தகைக் காலத்தையும் மரம் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துகொள்ளுங்கள். இந்தப் பேச்சைக் கணவரே தம்பியிடம் எடுப்பது நல்லது. நீங்கள் எடுத்தால் வேறு மாதிரி ஆகிவிடும்.