பதினாறு வயது மகனின் சட்டையில் சிகரெட் வாசனை வருகிறது. கேட்டால் நண்பன் பிடித்தது என்கிறான். என்ன செய்வது?

நண்பன் பிடித்ததாகவே இருக்கலாம். ஆனால் அந்த நண்பன் நாளைக்கு உங்கள் மகனிடமும் நீட்டுவான். அதற்கு இப்போதே அவனைத் தயார்செய்யுங்கள்.

என் தம்பிக்கும் அப்போது இதே வயதுதான். அவனிடம் இருந்தது வேப், அதாவது மின்சிகரெட். லேப்டாப்பில் பென்டிரைவ் மாதிரி ஒன்று செருகியிருந்தது; தொட்டால் இளஞ்சூடு, பழமிட்டாய் வாசனை. அப்பாவிடம் போகாமல் அவனிடமே கேட்டேன். "வெறும் ஆவிதான்க்கா" என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பியிருந்தான். சிகரெட்டில் ஆளை அடிமையாக்கும் அதே நிகோட்டின் இதிலும் இருப்பதாக அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டிய பிறகுதான் முகம் மாறியது.

புற்றுநோய்ப் படங்களைக் காட்டி மிரட்டச் சொன்னார்கள் உறவினர்கள். நாற்பது வருஷம் கழித்து வரப்போகும் நோய் அந்த வயதில் யாருக்கு உறைக்கும்? இழுத்த சில நொடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. மூளை 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருப்பதால் இளவயதில் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. "காலையில் எழுந்ததும் அது இல்லாம எரிச்சல் வருதா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். அமெரிக்காவில் தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் 18 வயதுக்குள் தொடங்கியவர்கள் என்று அந்நாட்டுத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கை சொல்வதையும் காட்டினேன். மிட்டாய் வாசனை யாரைக் குறிவைத்து என்பது புரிந்ததும் அவனுக்கு வந்த கோபம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது.

அப்புறம் மறுப்பதை ஒத்திகை பார்த்தோம். நான் நீட்டுவேன், "வேணாம்டா, மேட்ச் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் வேறு பேச்சுக்குத் தாவ வேண்டும். நீளமாகக் காரணம் சொன்னால் கிண்டல்தான் கூடும்.

செல்லம் கொடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வேப்பைப் பிடுங்கினேன், கைக்காசையும் குறைத்தோம். விலை ஏறினால் பெரியவர்களைவிட இளைஞர்கள்தான் அதிகம் குறைக்கிறார்கள்; கையில் காசு இல்லாததும் அதே வேலையைச் செய்யும்.

அவன் படித்த பள்ளி செய்ததைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் ஒரு வாரம் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட, கூடவே வெளியேற்றப்பட்ட பையன்களோடு பகல் முழுக்கச் சுற்றினான். எதை நிறுத்த நினைத்தார்களோ அதற்கே நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். கட்டணம் ஒருநாள் தாமதமானால் போன் மேல் போன் வரும். பிள்ளை வகுப்பில் எரிந்து விழுகிறான் என்று மட்டும் ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

உங்கள் மகன் ஏற்கெனவே தினமும் பிடிப்பதாகத் தெரிந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். விட்ட முதல் சில நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். தூக்கம் வராது, எதற்கெடுத்தாலும் கத்துவான். அந்த வாரம் மார்க் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.