தனியாக வந்தவள்

அன்புள்ள அம்மா,

என் மனைவி டர்பன் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவர்கள் மூதாட்டி புருஷனோடு, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலில் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். கப்பல் பட்டியலில் தேடியபோது 1899 என்று இருக்கிறது. வயது 22, ஒரு கைக்குழந்தை, கணவர் பெயர் இல்லை. ஜில்லா வட ஆற்காடு. அந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதை நம்பலாமா? தனியாக வந்தார் என்பதை மாமியாரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

கே., ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள கே.,

முதல் கப்பல் கதையை விடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்த அந்த முதல் கப்பல் டிரூரோவில் இருந்தவர்கள் 342 பேர். அதில் எங்கள் பாட்டன் வந்தார் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை ஏற்ற இன்றைக்குப் பத்துக் கப்பல் போதாது. ஊர்? பட்டியலில் தாலுகாவும் கிராமமும் இருக்கும். அன்றைய வட ஆற்காட்டுக்குத் தலைமையிடம், இன்றைக்கு ஆந்திராவில் இருக்கும் சித்தூர். வேலூர் பக்கம் அகப்படாவிட்டால் ஆந்திராவில் தேடுங்கள். சாதிக் கட்டத்தைப் பற்றி நான் வாய் திறப்பதாக இல்லை.

கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். என்ன தயக்கம் உங்களுக்கு? எங்கள் அப்பத்தா வம்சம் சொல்ல உட்கார்ந்தால் ஆண்களை ஒருவர் விடாமல் அடுக்குவாள். அவளுடைய அத்தை ஒருத்தியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அவ கப்பலேறிட்டா" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். எந்தச் சீமை, என்ன ஆனாள், ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் பேசாமல் இருந்தே ஒருத்தியை அழித்தார்கள். உங்கள் வீட்டில், கூட வராத புருஷனைக் கதையில் சேர்த்து அழித்திருக்கிறார்கள்.

நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற வேண்டும் என்று விதியே இருந்தது. தனியாக ஏறியவள் உங்கள் மூதாட்டி ஒருத்தி இல்லை. அவரவருக்குப் பட்டியலில் தனி எண், தனிக் கூலி ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தின் கணக்கைப் பாருங்கள். முதல் வருடம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 5. ஆக அவருடைய வருடக் கூலி 60 ஷில்லிங், அதாவது 3 பவுன். 1895 சட்டப்படி, ஐந்து வருட ஒப்பந்தத்தை முடித்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் விழ வேண்டும். இரண்டுக்கும் மாட்டேன் என்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி. பெண்ணுக்கும் அதே 3 பவுன்தான்! கூலி கொடுக்கும்போது அரை ஆள், வரி பிடுங்கும்போது முழு ஆள். 1903-ல் பிள்ளைகள் தலையிலும் ஏற்றினார்கள்: பையனுக்கு 16 வயதானால், பெண்ணுக்கு 13 ஆனால். அந்தக் கைக்குழந்தை பெண் என்றால், 1914-ல் வரி ஒழிவதற்குள் அவளும் வரிக்கு உரியவளாகியிருப்பாள். ஐந்து வருடம் முடிந்த 1904-ல் இந்தக் கணக்கெல்லாம் உங்கள் மூதாட்டி முன்னால் வந்து நின்றிருக்கிறது. அவர் ஊர் திரும்பவில்லை என்பதற்கு உங்கள் மனைவியே சாட்சி. இதில் மாமியாரிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் அலுவலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. கூலி பாக்கி, அடிதடி என்று தோட்டத்து ஆட்கள் கொடுத்த முறையீடுகள் அவற்றில் உண்டு. பெயரை வைத்துத் தேடினால் குமாஸ்தாக்களின் எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொள்வீர்கள். எண்ணை வைத்துத் தேடுங்கள். குழந்தையின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.