‘திஸ் இயர்’ இருந்தும் ‘ஷீ ஒர்க்ஸ்’ ஏன் பிழை?

இடைவெளி ஆண்டு எடுத்த ஒரு பெண்ணைப் பற்றிய ஆங்கிலப் பயிற்சிப் பத்தியில், கோடிட்ட இடத்தில் ‘ஒர்க்ஸ்’ என்று நிரப்பிவிட்டு, அது ஏன் பிழை என்று கேட்கிறீர்கள். ‘ஷீ இஸ் ஒர்க்கிங் ஆன் அ ஃபார்ம் திஸ் இயர்’ என்பதுதான் அந்தப் பத்தி கேட்கும் விடை. அவள் இந்த நிமிடம் பண்ணையில் நிற்கிறாளா, உறங்குகிறாளா என்பது பொருட்டல்ல. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஓர் ஆண்டு மட்டும் செய்யும் வேலை; ஆகவே தொடர் நிகழ்காலம். நீங்கள் நிரப்பிய ‘ஒர்க்ஸ்’ அதை அவளுடைய நிலையான தொழிலாக்கிவிடுகிறது.

தமிழில் ‘வேலை செய்கிறாள்’ இரண்டுக்கும் போதும். தடுமாற்றம் அங்கிருந்துதான் வந்திருக்கும். ‘இப்போதே நடந்தால்தான் ஐ.என்.ஜி.’ என்ற வகுப்பறைச் சூத்திரம் பாதி உண்மைதான்.

வாக்கியத்தில் ‘வழக்கமாக’, ‘இப்போதைக்கு’ இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பாருங்கள். முதலாவது பொருந்தினால் சாதாரண நிகழ்காலம், இரண்டாவது பொருந்தினால் தொடர் நிகழ்காலம். அப்பா இரணைமடுக் குளத்து நீரில் வழக்கமாக நெல் விதைக்கிறார்: ‘மை ஃபாதர் க்ரோஸ் பேடி’. அண்ணன் இப்போதைக்கு வவுனியாவில் ஒரு கடையில் நிற்கிறார்: ‘ஹீ இஸ் ஒர்க்கிங் இன் அ ஷாப்’. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கிளிநொச்சியில் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் நீங்களும் ‘ஐ ஆம் வெயிட்டிங்’ தான். (அந்தப் பெண் விரும்பி எடுத்த ஆண்டு அது, நம்முடையது தானாக வந்து சேர்வது. இலக்கணத்துக்கு அந்தக் கவலை இல்லை.)

ஆனால் நோ (அறிதல்), வான்ட் (விரும்புதல்), பிலீவ் (நம்புதல்) போன்ற வினைகளில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். ஆசை ஓர் ஆண்டுக்கு மட்டுமே என்றாலும் ‘ஷீ வான்ட்ஸ் டு ட்ராவல்’ என்றே எழுத வேண்டும்.