படி உயர்ந்தது, சாய்தளம் எங்கே?

கேள்வி: எனக்குச் சிறுவயதில் போலியோ வந்தது, சக்கர நாற்காலியில்தான் போய்வருகிறேன். எங்கள் பகுதியில் (சென்னை தென்புறநகர்) ஓர் அரசு அலுவலகம், மழை பெய்தாலே முழங்கால் தண்ணீரில் நிற்கும். போன வருடம் தரையை மூன்றடி உயர்த்திக் கட்டினார்கள். இப்போது வாசலில் ஆறு படி, சாய்தளம் கிடையாது. கேட்டால், "வெள்ளம் வர்ற ஏரியா, உயரம் வெச்சே ஆகணும், ராம்ப்புக்கு இடம் இல்லை" என்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?

பதில்: உயரம் வைத்தது தப்பே இல்லை, வைக்கத்தான் வேண்டும். அதைச் சாக்காக வைத்துச் சாய்தளத்தைக் கைகழுவியதுதான் தப்பு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு, அதனால் மூன்றடிக்கு 36 அடி சரிவு வேண்டும். கேட்டதும் மலைப்பாக இருக்கும், ஆனால் நேர்கோட்டில் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாதியில் ஒரு சமதளம் விட்டு மடக்கித் திருப்பினால், சுமார் 25 அடியில் அடங்கிவிடும், பைக் நிறுத்துகிற இடத்தில் கொஞ்சம் எடுத்தால் போதும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: புகார் போனதும் அவசர அவசரமாகப் படிக்கட்டின் ஓரத்தில் சிமென்டைப் பூசி, "போட்டாச்சு" என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அது வண்டி ஏற்றுவதற்கான சரிவு. கைப்பிடி இருக்காது, மேலே கதவுக்கு முன்னால் நாற்காலியைத் திருப்ப இடமும் இருக்காது, யாராவது பின்னால் இருந்து தள்ளினால்தான் ஏற முடியும்.

சட்டம் உங்கள் பக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 44-ஆவது பிரிவின்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டட வரைபடத்துக்கு அனுமதியும் கிடையாது, பணி நிறைவுச் சான்றும் கிடையாது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45-ஆவது பிரிவு ஐந்து வருடம் கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில், ஆக அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. "இதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தானே சார்" என்று சிலர் சமாளிப்பார்கள். அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொல்லிவிட்டது.

சரி, புகார். எடுத்த எடுப்பிலேயே மேலிடத்துக்கு எழுத வேண்டாம், மனு சுற்றிச்சுற்றி அதே அலுவலகத்துக்கே வந்து சேரும். 23-ஆவது பிரிவு சொல்லும் குறைதீர்க்கும் அலுவலர் வேலைவாய்ப்பு தொடர்பான புகார்களுக்குத்தான், அதனால் முதலில் அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரியைப் பிடியுங்கள். அவருக்கு எழுதுங்கள். வருத்தத்தை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள்: வாசல் உயரம், படிகள் எத்தனை, கதவின் அகலம், டேப்பை வைத்து எடுத்த படம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் திருப்தி இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆணையர் சொல்வது பரிந்துரை என்ற பெயரில்தான் வரும், ஆனால் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று அந்த அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும், ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டுமே என்பதற்காகவே பல இடங்களில் வேலை நடந்துவிடுகிறது.

கேள்வி: வரதராஜபுரம் பக்கம் மனை பார்க்கிறேன். "அப்ரூவ்டு லேஅவுட், ஃப்ளட் ஜோன்லயே வராது" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: எந்த ஜோன் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்! வெள்ளச் சமவெளியை (ஆற்று வெள்ளம் பரவும் நிலத்தை) மண்டலம் பிரிக்க மாதிரி மசோதா ஒன்றை 1975-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் மாதிரி சில மாநிலங்கள்தான் சட்டமாக்கின, தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் "ஜோன்ல வராது" என்ற பேச்சுக்கு இங்கே அர்த்தமே இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் என்ன ஆயின என்று அப்போதிருந்தே அங்கே கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கைவைத்துக் காட்டுவார்.

காகிதத்தில் இரண்டு பாருங்கள். ஒன்று, புல எண்ணை வைத்து 'அ' பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எஃப்.எம்.பி எனும் புல அளவு வரைபடமும், பக்கத்துப் புலத்தில் ஏரி, தாங்கல், வாய்க்கால், ஓடை என்று ஏதாவது தலைகாட்டுகிறதா பாருங்கள். இன்னொன்று, மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறை கொடுத்த தடையில்லாச் சான்று. முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் நிபந்தனைகளைப் படியுங்கள். இத்தனை உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும் என்று இருந்தால், நிரப்பியிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அந்த உயரத்துக்கான சாய்தள நீளத்தையும் இப்போதே மனையில் ஒதுக்கிவிடுங்கள், முதல் கேள்வியில் சொன்ன அதே கணக்குதான்.

கேள்வி: இரண்டாவது மாடியில் இருக்கிறோம், அப்பாவால் நடக்க முடியாது. வெள்ளத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால்?

பதில்: லிஃப்டின் குழிதான் முதலில் நிரம்பும். மழை எச்சரிக்கை வந்ததுமே அப்பாவை மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள், கரண்ட் போன பிறகு நாலு பேர் சேர்ந்து படியில் நாற்காலியோடு இறக்குவது அவருக்கும் ஆபத்து, தூக்குகிறவர்களுக்கும் ஆபத்து. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி மெயினை அணைக்கும் பொறுப்பை, காவலாளி தலையில் கட்டாமல், குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.