கொப்பியில் இல்லாத மூன்று நாட்கள்

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், குளக்கட்டு ஓரமாக வாழும் சாம்பல் மந்திக் கூட்டங்களைப் பற்றிய ஆய்வில் கள உதவியாளராக வேலை செய்கிறேன். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எந்த மந்தி என்ன செய்கிறது என்று கொப்பியில் எழுதுவது என் வேலை. கடந்த மாரியில் குளம் வான் பாய்ந்து பாதை மூடியதால் மூன்று நாட்கள் நாங்கள் போகவில்லை. ஆனால் எக்செல் கோப்பில் அந்த மூன்று நாட்களுக்கும் பதிவு இருக்கிறது. அதில் ஒரு நாளை, "முந்தின நாளைப் பார்த்து நிரப்பு" என்று சேர் சொன்னதால் நானே நிரப்பினேன். மற்ற இரண்டு நாட்களும் எப்படி வந்தன என்று தெரியாது. இப்போது கட்டுரை எழுதி அனுப்பப் போகிறார்கள், என் பெயரும் வருமாம். மேற்படிப்புக்கு அவருடைய கடிதம் எனக்கு வேண்டும். நான் என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. அந்தக் களக் கொப்பி இப்போது யாரிடம் இருக்கிறது? உங்களிடம் இருந்தால் இன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். வெறும் பக்கத்தையும் விடாதீர்கள். மழைக்கு முந்தின நாள் முடிகிற இடமும், பாதை திறந்த பிறகு தொடங்குகிற இடமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் உறுதியான சாட்சி. படங்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள், திகதி தானாகப் பதிவாகிவிடும். கொப்பியில் இனி ஓர் எழுத்தும் சேர்க்க வேண்டாம். "அன்று போகவில்லை" என்றுகூட இப்போது எழுத வேண்டாம். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை வேறு தாளில், இன்றைய திகதி போட்டு எழுதுங்கள். எக்செல் கோப்பில் கை வைக்காதீர்கள். கொப்பி ஆய்வுக்குச் சொந்தமானது என்றால், கேட்கும்போது கொடுக்கத்தான் வேண்டும். படங்கள் உங்களிடம் இருக்கட்டும்.

ஒரு வருடப் பதிவில் மூன்று நாள் என்ன பெரிய கணக்கா என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நாளுக்கு 48 பதிவு, மூன்று நாளுக்கு 144. எண்ணிக்கைக்காக நான் கவலைப்படவில்லை. அடைமழை நாளில் மந்தி எவ்வளவு நேரம் தின்கிறது, எவ்வளவு நேரம் கிளையில் ஒடுங்கி இருக்கிறது, எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதெல்லாம் காய்ந்த நாளைப் போல இருக்கும் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. முந்தின நாளைப் பார்த்து நிரப்பினால் மழை நாளும் காய்ந்த நாளாகிவிடுகிறது. காலபோகத்தோடு மேட்டுக் காணியில் கச்சானும் சோளமும் போட்டிருக்கிறவர் கேட்கிற கேள்வியே "மழைக்குள்ளும் இதுகள் தோட்டத்துக்குள் இறங்குமா?" என்பதுதான். அந்தக் கட்டுரை அவருக்குப் பொய்யான பதில் சொல்லும். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் 5 நிமிடம் குரங்கு, மயில், மரஅணில் என்று காணிக்குக் காணி நின்று எண்ணினார்களே, நினைவிருக்கிறதா? விலங்குகளைப் பற்றிய எண்கள் எங்கள் நாட்டில் புத்தக அலுமாரியோடு நின்றுவிடுவதில்லை.

"பாதை மூடியது, பதிவு இல்லை" என்று எழுதுவதில் ஒரு வெட்கமும் இல்லை. காட்டில் உண்மையாக எடுத்த பதிவு ஓட்டை நிறைந்ததாகத்தான் இருக்கும். "10.15, காணவில்லை. 10.30, இலைக்குள் மறைவு. 10.45, பாலை மரம், பெண் இரண்டு, குட்டி ஒன்று, தின்பது என்னவென்று தெரியவில்லை." இப்படிப்பட்ட பக்கத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரும். ஓட்டையே இல்லாத கோப்பைப் பார்த்தால்தான் பயம் வரும்.

கூட்டாக வாழும் சிலந்திகளின் நடத்தையை ஆராய்ந்து பெயரெடுத்தவர் ஜோனதன் புரூயிட். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். சிலந்தியின் மேல் காற்றை ஊதினால் அது ஒடுங்கிக்கொள்ளும். மறுபடி அசைய எத்தனை விநாடி எடுக்கிறது என்று அளந்தால் அதன் துணிவு தெரியும். அவர் கொடுத்த தரவை வைத்து அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் கேட் லாஸ்கோவ்ஸ்கி. பிற்பாடு தரவில் சந்தேகம் எழுந்தபோது அவர் கோப்பைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை அளந்த எண்கள், வெவ்வேறு சிலந்திகளுக்கு அச்சாக அப்படியே திரும்பத் திரும்ப வந்திருந்தன. அவர் முதலில் புரூயிட்டிடம்தான் விளக்கம் கேட்டார். கிடைத்த விளக்கத்தைத் தரவோடு வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. 2020 ஜனவரியில் அவர்களுடைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தன் பெயர் போட்ட கட்டுரையைத் தானே திரும்பப் பெற முன்வந்து, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் லாஸ்கோவ்ஸ்கி வெளிப்படையாக எழுதினார். அதனால் அவருடைய மதிப்புக் குறையவில்லை. புரூயிட் 2022 இல் வேலையை விட்டு விலகினார்.

உங்கள் கோப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பிரதி எடுத்து, தெரியாத அந்த இரண்டு நாட்களின் 96 வரிகளையும் மற்ற நாட்களோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு நாள் முழுவதும் இன்னொரு நாளின் அதே ஒழுங்கில் வந்தால் அது தற்செயல் இல்லை.

ஆனால் சந்தேகப்பட அவசரப்படாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் மாங்குளம் பக்கம் வயல் ஓரத்தில் கமரா கட்டி மயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவு 2 மணிக்கு மயில் மேய்வதாகக் கோப்பில் பதிவு வந்தது. மயில் இரவில் மரத்தில் அடையும் பறவை. பதிவு செய்த மாணவனைக் கூப்பிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் போய் கமராவைக் கழற்றிக் கொண்டுவந்தான். பற்றரி மாற்றியபோது கமராவின் மணிக்கூடு பழைய நேரத்துக்குத் திரும்பியிருந்தது. படத்தில் இருந்தது நல்ல பகல் வெளிச்சம், நான் படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆய்வு முறைகேடு என்று உலகம் முழுவதும் சொல்வது மூன்றை: இல்லாத தரவை உண்டாக்குவது, இருக்கிற தரவைத் திரிப்பது, மற்றவருடையதைத் தன்னுடையதாகக் காட்டுவது. நேர்மையான பிழை இதில் சேராது. உங்கள் கோப்பில் திகதி ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கலாம். குளத்தின் மறுகரையால் வேறு யாராவது போயிருக்கலாம். அந்த இரண்டு நாட்களுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நீங்கள் நிரப்பிய நாளுக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை, அது உங்களுக்கே தெரியும்.

அதனால் உங்கள் பங்கை முதலில் சொல்லிவிடுங்கள். "சேர் சொன்னார்" என்பது உண்மை, ஆனால் கை உங்களுடையது. பின்னால் வேறொருவர் கண்டுபிடித்தால் நீங்கள் குற்றம் சாட்டப்படுவீர்கள். இப்போதே சொன்னால் பிழையைத் திருத்தியவராக இருப்பீர்கள். வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள். இப்படி இருக்கலாம்: "சேர், கட்டுரை அனுப்புவதற்கு முன் கோப்பைக் கொப்பியோடு ஒப்பிட்டேன். பாதை மூடிய மூன்று நாட்களுக்குக் கொப்பியில் பக்கம் இல்லை. முதல் நாளை முந்தின நாளைப் பார்த்து நான் நிரப்பினேன், அது பிழை, நீக்க வேண்டும். மற்ற இரண்டு நாட்களின் மூலப் பதிவு எங்கே இருக்கிறது?" இதில் குற்றச்சாட்டு இல்லை, ஒரு வேண்டுகோளும் ஒரு கேள்வியும்தான். மனிதர் நல்லவராக இருந்தால் அந்த நாட்களை எடுத்துவிட்டு உங்களுக்கு நன்றி சொல்வார். அவசரத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துகிற மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள்.

எப்போதும் சம்பந்தப்பட்டவரிடமே முதலில் போக வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். நான் அதை விதியாகச் சொல்ல மாட்டேன். சம்பளமும் கடிதமும் ஒருவர் கையில் இருக்கும்போது தனியாகப் போவது எல்லோருக்கும் முடிகிற காரியம் இல்லை. அவர் கோபக்காரர், கோப்பை அழித்துவிடுவார் என்று நினைத்தால் நேரே துறைத் தலைவரிடம், இல்லாவிட்டால் பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். கூட வேலை செய்த இன்னொருவரும் அதே மூன்று நாட்கள் வீட்டில்தானே இருந்திருப்பார்? அவரும் கையெழுத்து வைத்தால் நல்லது.

ஹார்வர்டில் மார்க் ஹவுசர் என்ற பெரிய பேராசிரியரின் விடயத்தை வெளியே கொண்டுவந்ததும் சின்ன ஆட்கள்தான். ஒலி மாறும்போது குரங்கு திரும்பிப் பார்க்கிறதா என்று வீடியோவில் பார்த்துக் குறிக்கிற வேலை. உதவியாளர் ஒருவர் குறித்ததும் பேராசிரியர் குறித்ததும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது ஆள் பார்க்கட்டும் என்று கேட்டார்கள், பேராசிரியர் விரும்பவில்லை. அவர்களே வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தார்கள், முறையிட்டார்கள். 2007 இல் விசாரணை தொடங்கியது. எட்டு முறைகேடுகளுக்கு அவரே பொறுப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்தபோது 2010 ஆகிவிட்டது. 2011 இல் அவர் விலகினார். மூன்று வருடம், தங்கச்சி. காத்திருப்பு நீளும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதல் கதவு மூடினாலும் அது முடிவில்லை. சுவீடனில் மீன் குஞ்சுகளும் பிளாஸ்ரிக் துகள்களும் பற்றி 2016 இல் வந்த ஒரு கட்டுரை அதற்கு உதாரணம். பரிசோதனை நடந்ததாகச் சொன்ன கோட்லண்ட் தீவு நிலையத்தில் அதே நாட்களில் இருந்தவர்கள், "எழுதியபடி இது நடக்கவில்லை" என்றார்கள். உப்சாலா பல்கலைக்கழகம் முதலில் பார்த்துவிட்டு முறைகேடு இல்லை என்றது. அவர்கள் விடவில்லை. 2017 இல் நாட்டின் மத்திய நெறிமுறைச் சபை முறைகேடு என்று கண்டது, கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. உங்களைப் போல அவர்களிடமும் இருந்த பலம், அந்த நாட்களில் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கண்ணால் கண்டதுதான்.

கட்டுரை இன்னும் போகவில்லை என்பது உங்களுக்கு நல்ல காலம். பெரும்பாலான சஞ்சிகைகள் பெயர் போட்ட எல்லோரின் சம்மதத்தையும் கேட்கும். அந்த நாட்கள் நீங்காமல் சம்மதம் கொடுக்க வேண்டாம், பெயரை எடுக்கச் சொல்லலாம். கட்டுரை வெளிவந்துவிட்டால் சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதலாம். அவர் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்பார், போதாவிட்டால் நிறுவனத்தை விசாரிக்கச் சொல்வார். வனஜீவராசிகள் திணைக்கள அனுமதியோடு நடக்கிற ஆய்வு என்றால் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளையும் ஒருக்கால் வாசியுங்கள். அங்கே போகிற அறிக்கையிலும் அந்த மூன்று நாட்கள் இருக்கக் கூடாது.

பேஸ்புக்கில் போடாதீர்கள். தேத்தண்ணிக் கடையிலும் பேச்சு வேண்டாம். எங்கள் ஊர்களில் ஒரு சொல் காலையில் புறப்பட்டால் பின்னேரத்துக்குள் பத்தாகத் திரும்பி வரும். "கள்ளத் தரவு" என்று நீங்கள் சொன்னதாக ஒரு பேச்சு வந்தால், விசாரணை அந்தப் பேச்சைப் பற்றியதாக மாறிவிடும்.

கடிதம்? அவர் தராமல் போகலாம், அதை நான் மறைக்க விரும்பவில்லை. உங்கள் கள வேலையைப் பார்த்த வேறு விரிவுரையாளர், களத்துக்கு வந்துபோன ஆய்வாளர், உங்கள் இளமாணி ஆய்வை வழிநடத்தியவர் என்று இரண்டு பேரை இப்போதே யோசித்து, அவர்களோடு தொடர்பில் இருங்கள். ஒரு மாணவியைச் சேர்ப்பதா என்று பார்க்கிற இடத்தில் நான் இருந்திருக்கிறேன். ஓட்டையோடு எழுதிய களக் கொப்பியை மேசையில் விரித்து, "இந்த நாள் போகவில்லை, அதனால் இல்லை" என்று சொல்கிறவரைத்தான் நான் எடுப்பேன்.

கொப்பி அந்த மழையில் நனைந்திருந்தால் வெயிலில் காயப் போடாதீர்கள், தாள் சுருண்டுவிடும். பக்கங்களுக்கு இடையில் வெறும் தாள் வைத்து நிழலில் உலர்த்துங்கள். பென்சிலால் எழுதியது என்றால் எழுத்து அழியாது.