வாடை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அக்கா, நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோழி ஒருத்தி சொல்லி, ஆறு பாட்டில் ‘வேதாகம எண்ணெய்’ 420 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். குந்துருக்கம், வெள்ளைப்போளம், லவங்கப்பட்டை, நளதம் எல்லாம் இருக்கின்றன. தலையணையில் ஒரு சொட்டு, தரை துடைக்கும் தண்ணீரில் இரண்டு சொட்டு, ஹாலில் வாசனை மிஷினில் ஐந்து சொட்டு விடுகிறேன். வேறு எதற்கெல்லாம் பயன்படும்? மாமியாருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). படுத்தே கிடப்பதால் அறையில் ஒரு வாடை. ஹாலுக்கு வராமல் கதவைச் சாத்தியே வைக்கிறோம், அதற்கு எந்த எண்ணெய் நல்லது?

பதில்: எண்ணெய்க்கு இரண்டு பக்கம் எழுதிய நீ, மாமியாருக்கு மூன்று வரி ஒதுக்கியிருக்கிறாய். இடம் கருதி உன் கடிதத்தைச் சுருக்கினோம், தங்கச்சி. அந்த மூன்று வரியில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

வாடை என்கிறாயே, போர்வையை விலக்கி எங்கிருந்து வருகிறதென்று பார்த்தாயா? இனிப்புநீர் நாள்பட்டால் காலில் உணர்ச்சி மங்கிவிடலாம். அப்போது குதிகாலில் புண் வைத்து அழுகினாலும் வலிக்காது. வலிக்காததால் அவர் சொல்லமாட்டார், கதவு சாத்தியிருப்பதால் நீயும் பார்க்கமாட்டாய். இடுப்பில் படுக்கைப் புண்ணாக இருக்கலாம். சிறுநீரில் கிருமியாக இருக்கலாம். ஈரத்துணி மாற்றாததாகக்கூட இருக்கலாம். இதில் எதற்கும் உன் பாட்டிலில் மருந்து இல்லை. நாளைக் காலையிலேயே அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போ. பதிவுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் ஆகாது.

நானும் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். பால்மரம் வெட்டிவிட்டு வரும் என் அம்மாவின் சேலையில் ஒட்டுப்பால் நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்த மடியில்தான் நாங்கள் ஐந்து பேரும் தூங்கினோம். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

வேதாகம எண்ணெய் என்று வாங்கினாயே, வேதாகமத்தைத் திறந்தாயா? யோவான் 12ஆம் அதிகாரத்தில் மரியாள் கொண்டுவந்த நளததைலத்தின் விலை 300 பணம். அன்றைக்கு ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பாத்தியம்! அதை அவள் கொட்டியது இயேசுவின் பாதத்தில். தன் கூந்தலாலேயே துடைத்தாள். வீடெல்லாம் மணத்தது அதற்குப் பிறகுதான். உன் வீட்டில் மணம் சுவரில் சொருகிய மிஷினிலிருந்து வருகிறது, கால் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது.

யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தையும் பார். வெள்ளைப்போளமும் லவங்கப்பட்டையும் ஒலிவ எண்ணெயில் சேர்த்து அபிஷேக தைலம் செய்யச் சொன்ன அதே இடத்தில், சாதாரண மனிதர் உடம்பில் இதைப் பூசாதே, இதைப்போல் வேறொன்று செய்யாதே என்றும் கட்டளை இருக்கிறது. விற்றவர்கள் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சரி, வாங்கித் தொலைத்தாயிற்று. தலையணைக்கும் தரைக்கும் விடுவதில் தப்பில்லை. ஆனால் அன்றைய தைலம் எண்ணெயில் ஊறிய சரக்கு, இன்றைக்குப் பாட்டிலில் இருப்பது ஆவியில் வடித்த சத்து. வீரியம் பல மடங்கு. அப்படியே தோலில் தடவாதே. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு போதும். லவங்கப்பட்டை எண்ணெயை மாமியார் உடம்பில் படவே விடாதே. தோல் வெந்துபோகும், காலில் பட்டால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

டாக்டர் பார்த்து, புண் இல்லை என்று சொன்னால் தினமும் சாயங்காலம் இப்படிச் செய். வெதுவெதுப்பான தண்ணீர், சூட்டை உன் முழங்கையால் பார்த்துக்கொள். காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி எடு. வெறும் தேங்காய் எண்ணெயைப் பாதத்தில் தடவு, விரலிடுக்கில் வேண்டாம். உன் கணவரையும் கூப்பிடு. பெற்ற தாய்க்கு அவர் செய்யட்டுமே, அது என்ன உன் தலையில் மட்டும்?

கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எழுது. மற்ற பாட்டில்களைப் பற்றி அப்புறம் பேசலாம்.